ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்

பூட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம் என்று என் கணவர் சொல்வார். 'கொஞ்சம்' என்பது அவர் மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்ளும் சொல். வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். நான் வேலை செய்யும் மூலை அறைக்குத் தனிச் சாவி, அது என் கைப்பையின் உள்ளறையில். லேப்டாப் கேமராவின் மேல் ஒரு பிளாஸ்திரி. வீட்டு வைஃபைக்கு நான் வைத்த பாஸ்வேர்டு பத்தொன்பது எழுத்து. அதில் யாருடைய பெயரும் கிடையாது, பிறந்த நாளும் கிடையாது. அவர் அதை ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார், ரயில் வருகிறது என்று அறிவிப்பதுபோல. நான் ஓடிப் போய் அவர் வாயைப் பொத்துவேன்.

காரணமில்லாமல் இல்லை. நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. இது எல்லோருக்கும் தெரியும். செவிலியர் உரிமத் தேர்வில் மருந்துக் கணக்குப் பகுதிக்கு நான்கு வருடமாக வினாத்தாள் எழுதுவதும் நான்தான் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தேர்வு வாரியம் விதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறது. வினாவையும் விடையையும் கையால் எழுத வேண்டும். ஸ்கேன் செய்து, பூட்டிய கோப்பாக அனுப்பிவிட்டு, காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும். தேர்வு முடியும்வரை ஸ்கேன் படி ஒன்றை எழுதியவரே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் வருடம் என் கணவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை. 'பள்ளிக்கூட வேலை' என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவராகவே ஊகித்துக்கொண்டு, நல்லவேளையாக, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடத் தொழில் அவருக்கு ஒரே ஒரு வேதத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே. அதனால் எங்கள் வீட்டில் எதுவும் ஓய்வு பெறாது. பத்து வயதான பிரிண்டர், ஸ்கேனும் அதுவேதான், திறக்கும்போதெல்லாம் இருமும். புதுப்பிக்கவே முடியாத ஒரு டேப்லெட்டில்தான் அவர் செய்தி படிப்பார். இவற்றுக்கு நடுவில் பள்ளி எனக்குக் கொடுத்த புத்தம் புது லேப்டாப்.

எட்டு மாதங்களுக்கு முன் நானே நச்சரித்து ஒரு புது ரவுட்டர் வாங்க வைத்தேன். பழையதற்குப் பாதுகாப்பு போதாது என்று எங்கோ படித்திருந்தேன். அவர் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வெற்றி வீரராக வெளியே வந்தார்.

"முடிஞ்சுது. புதுசுக்கும் பழைய பேரையே வச்சுட்டேன், பழைய பாஸ்வேர்டையே குடுத்துட்டேன். ஒரு சாமானையும் தொட வேண்டியதில்ல. எல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு."

"பிரிண்டர்?"

"அதுதான் முரண்டு புடிச்சுது. அதுக்குப் புது ரவுட்டரோட பாதுகாப்புப் பூட்டு புரியல. பழசும் சரி, புதுசும் சரின்னு ரவுட்டர்ல ஒரு இடம் இருக்கு, அதை அழுத்தினேன். உடனே வழிக்கு வந்துடுச்சு."

நான் பாராட்டினேன். என் வாயாலேயே பாராட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் அவர் ஒருவரையே திட்டுவதாக யாரும் நினைக்கக்கூடாது.

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வராது. எனக்குப் பக்கத்து வீடு ஞாபகம் வந்தது. நான்காவது மாடியில் இரண்டே வீடுகள். பக்கத்து வீட்டுப் பெண் பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் பதினான்கு வருடமாக உதவியாளர். படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறுவாள் என்பதால் என் கணவர் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார். வேலைக்கு நடுவே செவிலியர் படிப்பை முடித்துவிட்டாள். உரிமத் தேர்வில்தான் இரண்டு முறை சறுக்கிவிட்டது. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள், இதுதான் கடைசி. கணவர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியில். ஃபோனில் பாடங்களைப் பார்த்துப் படிக்கிறாள், பாதியில் டேட்டா தீர்ந்துபோகிறது என்று மாடிப்படியில் ஒரு நாள் சொன்னாள்.

தேர்வைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். சொந்தக்காரர் யாராவது தேர்வு எழுதினால்தான் வாரியத்திடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் எல்லையை நானே போட்டுக்கொண்டேன். ரவுட்டர் வேறு விஷயம். அது ஒரு டப்பா. அவள் கேபிள் இணைப்பு வாங்கியதும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தேன். வீட்டுப் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொன்னதற்கே கணவரின் வாயைப் பொத்தியவள், என் கையாலேயே எழுதி ஒட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதை யோசித்தேனா, யோசிக்கவே இல்லையா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அன்று சனிக்கிழமை. தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு மூலை அறையில் நெட் நின்றுவிட்டது. கீழே தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஹாலுக்கு வந்து பார்த்தால் என் கணவர் டிவியில் எதையோ ஜம்மென்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு வருது, எனக்கு மட்டும் ஏன் வரல?"

"உன் லேப்டாப்புக்குக் கோவமா இருக்கும். ராத்திரி பகல் பாக்காம அடிக்கிறியே."

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தேவைக்கு மேல் பேசாதவர். லேப்டாப்பைப் பார்த்தார். ஹாலுக்குப் போய் ரவுட்டரின் பக்கத்தைத் தன் ஃபோனில் திறந்து பார்த்தார். திரும்பவும் லேப்டாப்புக்கு வந்தார்.

"மேடம், இது உங்க ரவுட்டர்ல இல்ல."

"எது?"

"இந்த லேப்டாப். உங்க ரவுட்டர்ல இப்ப நாலு சாமான் இருக்கு. டிவி, ரெண்டு ஃபோன், சாரோட டேப்லெட். லேப்டாப்பும் இல்ல, பிரிண்டரும் இல்ல."

"நம்ம வைஃபை பேருதானே காட்டுது? பாருங்க, முழு சிக்னல்."

அவர் ஹாலுக்குப் போய் ரவுட்டரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். டிவி நின்றது. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேபிள்காரர் தன் ஃபோனை என் கையில் கொடுத்தார்.

"இப்ப உங்க ரவுட்டர் செத்துக் கிடக்கு. பாருங்க."

பார்த்தேன். எங்கள் வைஃபையின் பெயர் அதில் இருந்தது. ஒரு கோடும் குறையாமல் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தைந்து வருடம் பிணவறை வரைக்கும் மாணவிகளை அழைத்துப் போனவள் நான், சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் ஒயரைப் பிடுங்கிய பிறகும் நம் வீட்டின் பெயர் காற்றில் உயிரோடு இருப்பதைப் பார்த்தபோது ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவே தோன்றவில்லை.

அவர் ஃபோனை வாங்கிக்கொண்டு மூலை அறைக்குப் போனார். என் மேசை ஒட்டியிருக்கும் சுவரில் அதை வைத்துப் பார்த்தார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

என் கணவரின் முகம் மாவு பூசினாற்போல் வெளுத்தது. "பழைய ரவுட்டர்" என்றார், எங்களைப் பார்க்காமல். "எட்டு மாசம் முன்னாடி குடுத்தது."

கேபிள்காரர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "பேரும் ஒண்ணு, பாஸ்வேர்டும் ஒண்ணு. ரெண்டுல எது கிட்ட இருக்கோ, அதுதான் வீடுன்னு லேப்டாப் போய் உக்காந்துக்கும். புது ரவுட்டர்ல புதுப் பூட்டு மட்டும் போட்டிருந்தா, இந்த லேப்டாப் பழசை நம்பியிருக்காது. பிரிண்டருக்காகவோ என்னவோ நீங்க ரெண்டும் சரின்னுட்டீங்க. இந்த ரூம்ல இருக்கிற ரெண்டு சாமானும் எட்டு மாசமா அவங்க வீட்லதான் இருக்கு. பள்ளம் தோண்டும்போது வெட்டுப்பட்டது அவங்க லைன். அதான் இங்க நெட் போச்சு."

"அவங்களால இதுக்குள்ள பாக்க முடியுமா?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டேன்.

"ஏதாவது ஃபோல்டரைத் திறந்து விட்டிருந்தா பாக்கலாம். விட்டிருக்கீங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் முந்திக்கொண்டார். "பொண்ணு கல்யாண ஃபோட்டோவை நம்ம டிவில பாக்கலாம்னு உன் லேப்டாப்ல படங்கள் ஃபோல்டரைத் திறந்து விட்டேன். ஆனா டிவில வரவே இல்ல. வீட்டுக்குள்ளதானேன்னு பாஸ்வேர்டு எதுவும் போடல."

டிவியில் வராததற்கு எங்கள் டிவி ஒரு ரவுட்டரிலும் லேப்டாப் வேறு ரவுட்டரிலும் இருந்ததே காரணம். அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்த மறுகணம் அடுத்ததும் புரிந்தது. அந்தக் கிழட்டு ஸ்கேனருக்குப் பூட்டிய ஃபோல்டரில் போடத் தெரியாது. ஸ்கேன் செய்த ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி அது போடுகிற இடம் அந்தப் படங்கள் ஃபோல்டர்தான். கல்யாண ஃபோட்டோக்களுக்குக் கீழே, இந்த வருடத்தின் வினாத்தாள், ஆறு பக்கம். விடைகளோடு.

கேபிள்காரர் வெட்டுப்பட்ட லைனைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார். என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். போகும்போதுகூட எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவளுக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு ஃபோன், போன வருடம் வாங்கிய ஒரு டிவி, அவ்வளவுதான். யார் போய் ஃபோல்டரைத் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. மதிய ஷிஃப்டுக்கான சீருடை நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த டிவியில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண மாலையோடு, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிதாக. அந்தப் படம் மெல்ல மங்கியது. அடுத்தது வந்தது. நீல மை, என் கையெழுத்து, இடது மேல் மூலையில் நான் போடும் வட்டமிட்ட எண் மூன்று. மூன்றாம் பக்கம்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்பிரஸ் என் தோளைத் தாங்கி உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டாள்.

"சத்தமா எதுவும் பேசாதீங்க டீச்சர். கேபிள்காரர் படியிலதான் ஏறி எறங்கிட்டிருக்காரு" என்று கிசுகிசுத்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். "நெட் இல்லாட்டி இந்த டிவி வைஃபைல கெடைக்கிற ஃபோட்டோவை எடுத்துத் தானா ஓட்ட ஆரம்பிச்சுடும். யாராவது வந்தா ஒடனே அணைச்சுடுவேன். நீங்க பயப்படாதீங்க."

நான் பயப்படாமல் இருக்க வேண்டுமாம். அவள் என்னைப் பாதுகாக்கிறாளாம். எதற்கு என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. மேசைமேல் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. டிவியில் வந்த வினாக்களை வரிசை எண்ணோடு, அழகாக, கோடு போட்டு எழுதியிருந்தாள். பக்கத்தில் அவள் போட்ட கணக்குகள்.

"யார்கிட்டயும் சொல்லல டீச்சர். என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல" என்றாள்.

"எதைச் சொல்லல?"

"நீங்க குடுத்ததை."

"நான் என்னம்மா குடுத்தேன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் லேசான குழப்பம் இருந்தது, நான் ஏதோ நாடகம் ஆடுவதுபோல. பிறகு, ஆடட்டும் என்று விட்டுக்கொடுக்கும் பொறுமையோடு சொன்னாள். "அந்த ரவுட்டரைக் குடுத்தீங்கல்ல. வாசல்ல நின்னு, 'இதை வச்சுக்கோ, தேர்வுக்கு உதவும், எதையும் மாத்தாம அப்படியே போட்டுக்கோ'ன்னீங்க. அதுல உங்க கையெழுத்துல பாஸ்வேர்டு ஒட்டியிருந்துது. போன மாசம் அதே கையெழுத்து டிவில வருது. நான் என்ன நினைக்கிறது டீச்சர்? நேர்ல குடுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து, அதான் இப்படிக் குடுக்கிறாங்கன்னு நினைச்சேன். வாயைத் திறந்து நன்றி சொன்னாகூட உங்களுக்குச் சங்கடம்னு சொல்லல."

தேர்வுக்கு உதவும். எதையும் மாற்றாதே. நான்தான் சொன்னேன், என் கணவரின் வேதத்தை அப்படியே ஒப்பித்தேன். போன மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக் குப்பைப் பையும் அவளுடையதோடு சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தது ஏன், முழங்கால் வலி என்று நான் சொன்ன நாளிலிருந்து தண்ணீர்க் கேன் வாசலுக்கே வந்தது ஏன் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. நல்ல பெண் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்னை என்னன்னு நினைச்ச நீ? வினாத்தாளை விக்கிற ஆளுன்னா?"

"இல்ல டீச்சர்" என்றாள். "நல்லவங்கன்னு நினைச்சேன்."

உட்கார்ந்தேன். ரவுட்டர், ஸ்கேனர், ஃபோல்டர், கல்யாண ஃபோட்டோ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. குற்றம் செய்து பிடிபட்டவளின் முகம் அல்ல அது. தனக்கு வந்த பரிசைத் திறந்து பார்த்து, இது வேறு யாருக்கோ வந்தது என்று தெரிந்துகொண்டவளின் முகம். என்னால் அதைப் பார்க்க முடியாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் திருடியிருக்கேன்" என்றாள் கடைசியில்.

"நீ திருடல. நான் திறந்து போட்டுட்டேன்." பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "வாரியத்துக்குச் சொல்லணும்மா. இன்னிக்கே."

"சொன்னா என்னை எழுத விடுவாங்களா?"

விடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் எழுந்து போய், காய்ந்த சீருடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒரு முறை மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. லேப்டாப் வெளி ஆள் நெட்டில் இருந்தது, யார் பார்த்தார்கள் என்று தெரியாது என்று மட்டும் சொன்னால் போதும். தாளை மாற்றிவிடுவார்கள். இவள் புதுத் தாளை நேர்மையாக எழுதட்டும். யாருக்கு நஷ்டம்? அந்த எண்ணத்தோடுதான் தேர்வுப் பிரிவு அதிகாரியின் எண்ணை அழுத்தினேன். சனிக்கிழமையும் எடுக்கிற மனிதர் அவர். நடந்ததைச் சொன்னேன். அவர் நடுவில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாத்தவங்கள்ல தேர்வு எழுதுறவங்க யாராவது இருக்காங்களா மேடம்?"

என் நாக்கில் 'தெரியல' என்ற சொல் தயாராக இருந்தது. அதை வெளியே தள்ள எவ்வளவோ பார்த்தேன். இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்று மருந்து ஏட்டில் பொய் எழுதாதே, தவறு செய்தால் அந்த நிமிடமே சொல் என்று கத்திய வாய் அது.

"ஆமா" என்றேன். "ஒருத்தங்க."

என் குரலா அது என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. எக்ஸ்பிரஸ் திரும்பவில்லை. மடித்த சீருடையின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

அதிகாரி சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன். மாற்றுத் தாள் இருக்கிறது, தேர்வு தள்ளிப்போகாது. வினாத்தாள் குழுவிலிருந்து என்னை இன்றோடு நீக்குகிறார்கள். அந்தத் தேர்வரின் அனுமதிச் சீட்டு நிறுத்தி வைக்கப்படும். இது மூன்றாவது முறை என்பதால் அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. விவரங்களை எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தார்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பதினான்கு வருடம் ஒரே வார்டில் மற்றவர்கள் ஊசி போடும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இனி எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அதை ஒரே ஒரு சொல்லால் நான் முடித்துவைத்திருந்தேன். எழுந்து கதவுக்குப் போனேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "தாள்தான் போயிடுச்சே. இப்ப பேசலாம்ல?"

"கேளும்மா."

நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை நீட்டினாள். "இந்தப் பதினாலாவது கேள்வி. உங்க விடையை நாலு நாளா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறேன், எனக்கு வரல."

வாங்கிப் பார்த்தேன். என் வினாதான். பன்னிரண்டு கிலோ குழந்தை. காய்ச்சலுக்கான சொட்டு மருந்து, ஒரு மில்லியில் நூறு மில்லிகிராம். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? நான் கொடுத்திருந்த விடை: ஒன்பது மில்லி. அதன் கீழே அவள் கையெழுத்தில் ஒன்று புள்ளி எட்டு என்று இருந்தது. அதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

"மொத்தம் நூத்தியெண்பது மில்லிகிராம்" என்றேன். "அஞ்சு மில்லிக்கு நூறுன்னா..."

"அஞ்சு மில்லிக்கு நூறுன்னா அது சிரப் டீச்சர். இது சொட்டு மருந்து. ஒரு மில்லிக்கே நூறுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அந்தப் பாட்டிலே பதினஞ்சு மில்லிதான். ஒன்பது மில்லின்னா பாட்டில் பாதிக்கு மேல காலி. வார்டுல யாராவது ஒரு குழந்தைக்கு அவ்வளவு ஊத்தினா நான் கையைப் புடிச்சு நிறுத்திடுவேன்."

நின்ற இடத்திலேயே கணக்கைப் போட்டேன். மறுபடி போட்டேன். அவள் சொன்னதுதான் சரி. ஐந்து மடங்கு. ஒரு குழந்தையின் ஈரலை நாசமாக்கக்கூடிய ஐந்து மடங்கு. வினாவில் சொட்டு மருந்து என்று எழுதிவிட்டு, சிரப் கணக்கில் விடை எழுதியிருக்கிறேன். இந்த வருடம் மட்டும் அல்ல. குழந்தையின் எடையை மட்டும் மாற்றி மாற்றி அதே வினாவை நான்கு வருடமாக வைத்து வருகிறேன். விடைகளை எந்தத் தேர்வரும் பார்த்ததில்லை. பார்க்க விடாமல் நான் காவல் இருந்தேன். திருத்துகிறவர்கள் என் விடையை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள்.

ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் முதல் தடவை எழுதினப்பவும் இது வந்துச்சு. எட்டுக் கிலோ குழந்தை. ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு எழுதிட்டு வந்தேன். அஞ்சு மார்க் கேள்வி. எழுதின எல்லாத்துலயும் சந்தேகம் இருந்துது, இதுல மட்டும் இல்ல. போன வாரம் உங்க விடையைப் பாத்ததுக்கப்புறம்தான் புரிஞ்சுது."

"எத்தனை மார்க்ல போச்சு உனக்கு அப்ப?"

"ரெண்டு."

அந்த ஒரு கேள்விக்கே ஐந்து மார்க். இரண்டு வருடத்துக்கு முன்பே அவள் தேறியிருந்தாள். வார்டில் ஊசி போட வேண்டியவளை நான்தான் இரண்டு வருடம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்திருந்தேன். இன்று மூன்றாவது முறையும் நானே.

"இதைப் பாத்தும் நீ ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

"எப்படிக் கேக்கிறது டீச்சர்? கேட்டா, பாத்தேன்னு ஆயிடும்." சற்று யோசித்துச் சொன்னாள். "இந்தத் தடவையும் ஒண்ணு புள்ளி எட்டுதான் எழுதியிருப்பேன். ஒன்பதுன்னு எழுத எனக்குக் கை வராது."

நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே எண்ணை மறுபடி அழுத்தினேன். அதிகாரி எடுத்து, "இன்னும் என்ன மேடம்?" என்றார், அலுப்பாக.

"இன்னொரு தப்பும் நடந்திருக்கு சார். இது நாலு வருஷத்துத் தப்பு. என்னோடது. எழுதிக்கோங்க."

அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது. ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி அவளிடம் கேட்டேன், ரெண்டு வருஷம் முன்னாடி உன் தேர்வு எண் என்ன என்று. ஏழு இலக்கம். எதையும் பார்க்காமல், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.